இணையப் பக்க உருவாக்கம்: அறிமுகப் பாடத்தின் தேவைகள்

(கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் வாயிலாகக் கிடைத்தது. அன்று அது மிகச் சிலருக்கே எட்டிய வசதி. இன்றோ கல்வி உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம், ரயில் பயணச்சீட்டு, வருமானச் சான்று எனக் குடிமக்களின் தேவைகள் பலவும் ஓர் இணையப் படிவத்தின் வழியாகவே நிறைவேறுகின்றன. அப்படிவங்களை உருவாக்கும் இளைஞர்கள் பலர் இத்தொழிலின் அரிச்சுவடியைக் கற்பது கல்லூரியின் அறிமுகப் பாடத்தில்தான். எனவே அப்பாடம் மாணவரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பது கல்லூரியின் உள்விவகாரம் மட்டுமன்று. நிர்வாகத்தின் தரத்தையும் தொடுகின்ற விஷயமாகும்.

இப்பாடத்தில் சேருவதற்குக் கணிதப் புலமையோ கணிப்பொறியியலில் முன்பயிற்சியோ தேவையில்லை. ஒரு பக்கத்தின் அமைப்பை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். மொழியில் நாள்தோறும் வேண்டப்படுவன சில பத்துக் குறிச்சொற்களே. வரலாறோ வணிகவியலோ பயிலும் மாணவரும் அவற்றைச் சில வாரங்களில் கைவரப் பெறலாம். உண்மையில் வேண்டிய முன்தகுதிகள் வேறு. தட்டச்சு செய்யும் பழக்கம், கோப்புகளுக்கு முறையாகப் பெயரிட்டுச் சேமிக்கும் பழக்கம், பிழைச் செய்தியைப் பொறுமையுடன் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் ஆகியவையே அவை. கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் செய்து வளர்ந்த மாணவர்கள் பலருக்குக் கோப்பு, கோப்புறை என்னும் கருத்தே புதிது. முதல் வாரத்தை ஆசிரியர் இதற்கென ஒதுக்குவது வீணன்று.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, ஒரு கிரெடிட் என்பது விரிவுரையாயின் பருவத்துக்கு 15 மணி, செய்முறையாயின் 30 மணி. மூன்று கிரெடிட் கொண்ட திறன் மேம்பாட்டுப் பாடத்தில் ஒன்றை விரிவுரைக்கும் இரண்டைச் செய்முறைக்கும் வகுத்தால் மொத்தம் 75 மணி கிடைக்கும். மாறாக இரண்டை விரிவுரைக்கு வைத்தால் 60 மணியே கிடைக்கும்; அதிலும் பாதி கரும்பலகையில் கழியும். முன்னதே ஏற்ற பங்கீடு. ஓர் இயந்திரத்தை மூவர் பகிர்ந்துகொள்ளும் ஆய்வகங்களில் செய்முறை மணிகளை மூன்றால் வகுத்துப் பார்ப்பதும் நேர்மையான கணக்காகும்.

கற்பிக்கும் வரிசையில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. முதலில் பக்கத்தின் அமைப்பு, அடுத்து அதன் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்., பின்னர் ஜாவாஸ்கிரிப்ட். ஆனால் அமைப்பும் தோற்றமும் வெவ்வேறானவை என்பதை மாணவர் உணரும் முன்பே ஆயத்தச் சட்டகங்களைக் கையில் கொடுத்துவிடும் அவசரம் பல இடங்களில் காணப்படுகிறது. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தலைப்பு. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கோ, தலைப்புக்குரிய குறிச்சொல் இல்லையேல் அது வெறும் வரியே. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் பக்கத்தைப் புரிந்துகொள்ளும் வழி அவருக்கு அடைபட்டுவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உடையோராகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். கட்டணமின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருளை ஆய்வகத்தில் நிறுவி, திரையை அணைத்துவிட்டுத் தம் பக்கத்தைத் தாமே செவியால் படித்துப் பார்க்குமாறு மாணவரைப் பணிப்பது ஒரு மணி நேரப் பயிற்சியே. சுற்றறிக்கையை ஒளிநகல் படமாக இணையத்தில் ஏற்றும் அலுவலகங்களுக்கும் இப்பயிற்சி பொருந்தும்; அப்படத்திலுள்ள ஒரு சொல்லைக்கூட அம்மென்பொருளால் நேரடியாகப் படிக்க இயலாது.

படிவமே உரைகல்

அறிமுகப் பாடத்தின் மையப் பயிற்சியாக அமைய வேண்டியது ஓர் எளிய விண்ணப்பப் படிவம். ஆதார் எண் 12 இலக்கம் கொண்டது. அட்டையில் அது நான்கு நான்காகப் பிரித்து அச்சிடப்பட்டுள்ளது. அட்டையில் உள்ளவாறே இடைவெளி விட்டு எழுதும் குடிமகனைப் ‘பிழையான எண்’ என்று படிவம் திருப்பி அனுப்புமானால், பிழை யாருடையது? இடைவெளியை நீக்கிக்கொள்ளும் கட்டளை ஒரே வரிதான். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 இடங்களுள் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தாகக் கருதித் தட்டச்சு செய்வோர் உண்டு. அவ்விடத்தில் வேறு எதுவும் வர இயலாது என்பதால், படிவமே அதைத் திருத்தி, விண்ணப்பதாரரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தவிரக் குடும்பப் பெயர் என ஒன்று பலருக்கு இல்லை. குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் படிவத்தில் அவர்கள் எதையோ ஒன்றை நிரப்புகின்றனர். பிற்பாடு சான்றிதழோடு பெயர் ஒத்துவரவில்லை என்று அலைகின்றனர்.

பொருளாதார நோக்கில் இது சிந்திக்கத்தக்கது. படிவத்தைச் சரியாக அமைக்க ஆகும் கூடுதல் உழைப்பு ஒருமுறைச் செலவு. அது துறையின் கணக்கில் ஏறும். தவறான படிவத்தின் செலவோ ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் மீண்டும் மீண்டும் வசூலாகிறது: பொதுச் சேவை மையத்துக்கு இன்னொரு நடை, பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, சில வேளைகளில் தவறிப்போன கடைசி நாள். எந்தத் துறையின் வரவுசெலவு அறிக்கையிலும் இச்செலவு இடம்பெறுவதில்லை. கணக்கில் வராத காரணத்தாலேயே அது நீடிக்கிறது எனலாம்.

இந்திய மொழிகளைப் பொறுத்தவரை ஒன்று கண்டிப்பாகக் கோரப்பட வேண்டும். இந்தித் தட்டச்சில் பரவலாகப் புழங்கிய கிருதிதேவ் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட வாசகம், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தோன்றும், தேடினாலும் அகப்படாது. தமிழிலும் இத்தகைய எழுத்துருக் குழப்பம் நீண்ட காலம் நிலவியது. யூனிகோடில் எழுதுவதும், பக்கம் எம்மொழியில் உள்ளது என்று தொடக்கத்திலேயே அறிவிப்பதும் முதல் பயிற்சியிலிருந்தே பழக்கமாக வேண்டும்.

இவை நல்லெண்ணத்துக்கு விடப்பட்டவை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் மற்றொரு வழக்கில், மின்னணு சேவைகளை அணுகும் வாய்ப்பு அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் கூறு என்று அறிவித்தது. அவ்வழக்கின் பின்னணியை மாணவர் அறிவது நலம். அடையாளச் சரிபார்ப்பின்போது கண் சிமிட்டுமாறு கேட்கும் செயலியின் முன், அமில வீச்சில் கண்கள் சிதைந்தவர் எதுவும் செய்ய இயலாமல் நிற்க நேர்ந்தது. அந்நிபந்தனையை எழுதியவருக்குத் தீய நோக்கம் இருந்திருக்காது. அப்படி ஒருவர் வரக்கூடும் என்ற நினைவு எழவில்லை, அவ்வளவே.

பாதுகாப்பைப் பற்றி இந்நிலையில் இரண்டு மட்டும் போதும்: உலாவியில் சரிபார்த்ததைச் சர்வரிலும் மீண்டும் சரிபார்த்தல், தேவையற்ற தகவலைக் கேளாதிருத்தல். பின்னதை மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, வலியுறுத்துகிறது.

இனி மதிப்பீடு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நொடிகளில் ஒரு முழுப் பக்கத்தை எழுதித் தரும் காலம் இது. அவற்றைத் தடைசெய்யும் சுற்றறிக்கையால் பயனில்லை. ஒப்படைத்த பக்கத்தில் ஆசிரியர் சுட்டும் எந்த வரிக்கும் மாணவர் வாய்மொழியாக விளக்கம் தர வேண்டும். கேட்ட மாற்றத்தை அங்கேயே செய்து காட்ட வேண்டும். அதன்பின், அப்படிவத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம், கல்லூரியின் அலுவலக உதவியாளரிடமோ உணவக ஊழியரிடமோ, விலை குறைந்த கைப்பேசியில் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். மாணவர் அருகில் நின்று, குறுக்கே பேசாமல், அவர் தயங்கிய இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, இரண்டு வாரங்களில் திருத்திய படிவத்தைத் தர வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் பாதியையேனும் இத்திருத்தத்துக்கு அளிக்கலாம். வாய்மொழித் தேர்வுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் எஞ்சிய பாதி போதுமானது.