இலண்டனில் மூன்று நாள்



மகனோ மகளோ சீமைக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் போயிருக்கும் குடும்பங்கள் இன்று தோட்டப்புறங்களிலும் உண்டு. “ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்களேன்” என்று பிள்ளை கூப்பிடுகிறது. சீட்டுக் கட்டி எடுத்த பணம் கையில் இருக்கிறது, விடுமுறைதான் கொஞ்சம். அப்படிப் போகிறவர்கள் இலண்டன் மாநகரை இரண்டு மூன்று நாளில் எப்படிப் பார்ப்பது என்பதே இன்றைய பேச்சு. நாங்கள் ஒருமுறை போய்ப் பட்டுத் தெளிந்தவர்கள். ஆகையால் பட்டதையே சொல்கிறோம்.

தம்பி வேலை பார்ப்பது வேறோர் ஊரில். தலைநகரைப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தவை மூன்றே நாள்கள். முப்பது வருடம் பால்மரம் சீவிய அம்மாவும் உடன் வந்தார். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினொன்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தோம். காலையில் விமானம் இறங்கியது. பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு உடனே கிளம்பினோம். பாராளுமன்றம், பெரிய மணிக்கூண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம், அரண்மனை வாசல் என்று ஓட்டமாய் ஓடினோம். மாலை 4 மணிக்கு அம்மா ஒரு பூங்காவின் பலகையில் உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கிச் செருப்புக் கழலவில்லை. “கட்டடமெல்லாம் ஒன்னு மாதிரியே இருக்குப்பா” என்றார்.

தப்பு அம்மாவுடையதன்று. கோலாலம்பூரிலிருந்து நேர் விமானத்தில் போனாலும் 13, 14 மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு அங்கே கோடையில் மாலை 4 மணி என்றால் நம் ஊரில் இரவு 11 மணி, குளிர்காலமானால் நள்ளிரவு. பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு அந்நேரத்தில் படுக்கையைத்தான் தேடும். போய் இறங்கும் நாளில் ஒன்றே ஒன்று போதும். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் நின்று தேம்ஸ் நதியையும் பாராளுமன்றத்தையும் பாருங்கள். அதற்குக் காசும் இல்லை. பிறகு சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும். அது நமக்குப் புதிதல்ல.

அன்றிரவு தாளை மறுபடி விரித்தோம். அம்மாவிடம், “நீங்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்?” என்று கேட்டோம். புறப்படும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. “நம்ம ரப்பர் மரம் இந்த ஊருலேருந்துதான் வந்துச்சுன்னு உங்க பாடப் புத்தகத்துல இருந்துச்சே, அந்த எடம் எங்கே?” என்றார். எங்கள் பதினொன்றில் அந்த இடம் இல்லை.

இலண்டன் பாதாள இரயிலின் வரைபடத்தைக் கையில் எடுத்தோம். 1863-ஆம் ஆண்டில் தொடங்கிய இரயில் அது. வரைபடத்தில் டிஸ்டிரிக்ட் பாதைக்குப் பச்சை நிறம். அந்தப் பச்சைக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனால், மேற்கே கியூ தாவரத் தோட்டம், நடுவில் வெஸ்ட்மின்ஸ்டர், அப்பால் இலண்டன் கோபுரக் கோட்டை, கிழக்கே நம்மவர் கடைகள் நிறைந்த ஈஸ்ட்ஹாம். எல்லாம் ஒரே கோட்டில்! நாங்கள் தங்கியிருந்த ஹேமர்ஸ்மித்தும் அதே கோட்டில்தான். அது தற்செயலாய் அமைந்தது. நீங்கள் தெரிந்தே அங்கே அறை எடுக்கலாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிக்கடில்லி பாதை நேரே அங்கு வருகிறது. ஏறவும் இறங்கவும் மின்தூக்கி உண்டு. இரயிலுக்குத் தனியாகச் சீட்டு வாங்கத் தேவையில்லை. வங்கி அட்டையைத் தொட்டுவிட்டு உள்ளே போகலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுப்பதில்லை என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். உள்ளே போகத் தொட்ட அட்டையையே வெளியே வரும்போதும் தொட வேண்டும்.

மறுநாள் கியூவுக்குப் போனோம். ரிச்மண்ட் என்று பெயர் போட்ட வண்டியில்தான் ஏற வேண்டும்; ஈலிங் வண்டி வேறு பக்கம் போய்விடும். கால் மணி நேரப் பயணம். தோட்டத்திற்கு நுழைவுக் கட்டணம் உண்டு, மலிவும் அல்ல. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கே கொண்டு வந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. நம் பாட்டன் பூட்டன் கப்பல் ஏறி வந்து சீவிய காடுகளுக்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

1848-இல் கட்டி முடித்த கண்ணாடி மாளிகை ஒன்று அங்கே இருக்கிறது. வெளியே குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த அம்மா, உள்ளே நுழைந்ததும் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டார். நம் ஊர்ப் புழுக்கம், நம் ஊர் ஈரம்! பெயர்ப் பலகையை நாங்கள் தேடிக்கொண்டிருக்கையில், மூன்று மூன்றாய் விரிந்த இலையைப் பார்த்தே அம்மா மரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “ஒரு கோடு கூட விழாத மரம்” என்றார். அங்கிருந்து நகர அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாங்களும் அவசரப்படுத்தவில்லை. இந்த மாளிகையைப் பழுது பார்ப்பதற்காகச் சில ஆண்டுகள் மூடிவைக்கும் திட்டம் இருக்கிறது. ஆகவே திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பிய ரிட்லி, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்தவர். அவர் 100 வயது வரை வாழ்ந்து, 1956-இல் இதே கியூவில்தான் காலமானார். அம்மாவிடம் சொன்னோம். “அந்தாளு எத்தனை மரம் சீவியிருப்பாரு?” என்று கேட்டார்.

மூன்றாம் நாள் கோபுரக் கோட்டை. டவர்ஹில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே தெரியும். 11-ஆம் நூற்றாண்டில் வில்லியம் மன்னன் கட்டத் தொடங்கியது. அரண்மனையாகவும் சிறையாகவும் இருந்தது. கோகினூர் வைரம் பதித்த கிரீடம் இங்கேதான் இருக்கிறது. திறக்கும் நேரத்திலேயே போய் நகைகளை முதலில் பார்த்துவிடுங்கள். நேரம் ஆக ஆக வரிசை நீளும். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மின்சிங் லேன் என்ற தெரு வரும். ஒரு காலத்தில் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலை பேசிய இடம். இன்று பார்க்க ஒன்றும் இல்லை, புதுக் கட்டடங்கள்தான். ஆனாலும் ரப்பர் விலைக்குத் தக்கபடி கூலி ஏறி இறங்கியதை அறிந்தவர்கள் அந்தத் தெருவில் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டோம். நுழைவு இலவசம்தான், ஆனால் அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். எங்களிடம் அது இல்லை.

புறப்படும் முன் ஒரு வேலை இருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உடையோர் சுற்றிப் பார்க்கப் போக விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். அந்நாட்டு அரசாங்கத்தின் செயலியிலேயே வாங்குங்கள். இடையில் இருப்பவர்கள் கூடுதலாகப் பணம் பிடுங்குவார்கள். டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அங்கே 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

கடைசி மாலை அதே பச்சைக் கோட்டில் ஈஸ்ட்ஹாம் போய்த் தோசை சாப்பிட்டோம். விலையை ரிங்கிட்டில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டாம் என்று அம்மா முதலிலேயே தடுத்துவிட்டார். மறுநாள் விடியற்காலை 3 மணிக்கு நாங்கள் கண் விழித்தபோது, அவர் பெட்டியைக் கட்டி முடித்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.