ஆமா என்னும் அருஞ்சொல்
(அம்பத்தூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செருமானியர் வாழ்ந்த காடுகளில் முற்காலத்தே ஒரு காட்டுமாடு திரிந்தது. வீட்டுமாட்டின் மூதாதை அது. அதனை அம்மக்கள் ‘ஊர்’ என்றனர். கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமைப் படைத்தலைவர் சீசர் அச்சொல்லுக்கு இலத்தீன் ஈறு கொடுத்து ‘ஊருசு’ எனத் தம் போர்க்குறிப்பில் எழுதினார். பழைய ஆங்கிலரின் உரூனிக் கீற்றெழுத்துகளுள் உகரத்துக்கு இவ்விலங்கின் பெயரே பெயர். பின்னர் எருதைக் குறிக்கும் சொல்லையும் உடன்கூட்டி ‘ஊரொக்சோ’ என்றனர். இன்றைச் செருமானியத்தில் அஃது ‘அவரொக்சே’.

‘ஊர்’ என்றதும் நம்மவர் சிலர் அம்பத்தூரின் ஈற்றை நினைந்து துள்ளுவர். வேண்டா! ஒலி ஒத்தல் ஒன்றே உறவாகாது. பொருளும் ஒத்தல் வேண்டும், ஒலித்திரிபும் நெறிப்படல் வேண்டும். குடியிருப்பும் காட்டுமாடும் எங்ஙனம் ஒன்றாம்? பொய்ச்சான்று ஒன்று புகுந்தால் மெய்ச்சான்று பத்தும் மதிப்பிழக்கும்.

நாம் நோக்கத் தக்கது அச்சொல் வளர்ந்த நெறியே. அவர் ஊரோடு எருதைக் கூட்டினாற் போல, நம் முன்னோர் ‘ஆ’வோடு விலங்கு என்னும் பொருட்டாய ‘மா’வைக் கூட்டி ‘ஆமா’ என்றனர். அரிமா, பரிமா என்பனவும் அவ்வாறு அமைந்தனவே. திருமுருகாற்றுப்படையில், பழமுதிர்சோலை மலையருவி இறங்கும் சாரலில், ஆமாவின் ஏறு முழங்குகின்றது.

அவ்விலங்கு இன்றும் ஆனைமலையில் மேய்கின்றது, முதுமலையில் மேய்கின்றது, கொடைக்கானல் தெருவிலும் வந்து நிற்கின்றது. அதனை நாம் யாதென்கின்றோம்? ‘காட்டெருமை’! எருமை வேறு, ஆமா வேறு. ஆமாவின் கொம்பு பிறைபோல் மேல்நோக்கி வளையும். தோளின்மேல் மேடு உயர்ந்திருக்கும். முழங்காலின் கீழ் வெள்ளுறை இட்டாற்போல் வெளுத்திருக்கும். விலங்கியலாரும் இதனை மாட்டினத்துள் வைப்பரேயன்றி எருமையினத்துள் வையார். மெய்யான காட்டெருமை அசாமின் காசிரங்காவில் வாழ்வது. இரண்டற்கும் ஒரே பெயரிட்டால் மாணவர் எதனை எதுவென அறிவர்?

செருமானியரின் காட்டுமாட்டினத்துள் இறுதிப் பசு 1627ஆம் ஆண்டு போலந்து நாட்டு யாக்டோரூவுக் காட்டில் மாண்டது. விலங்கு போயும் அவர்தம் சொல் நின்றது. இங்கோ விலங்கு நிற்கச் சொல் போகின்றது.

பூந்தமல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் மாணவரை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அவ்விலங்கின் முன்னின்று ‘ஆமா’ என ஒருமுறை சொல்லிக் காட்டுக. ‘எதற்கு ஐயா ஆமாம் என்கின்றீர்?’ எனப் பிள்ளைகள் நகைப்பர். நகைத்தால் மறவார்.