கோரைக்கு ஆறு வேண்டும்



தென் அமெரிக்காவில், கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி உள்ளது. பெரு நாட்டுப் பக்கத்தில் ஊரோஸ் மக்கள் நாணலை அடுக்கித் தீவு அமைத்து, அதன்மேல் நாணற் குடிசை கட்டி வாழ்கின்றனர். அடிநாணல் அழுக அழுக மேலே புதுநாணல் பரப்பியாக வேண்டும். வெட்டும் உரிமை போனால் நிற்கும் தரையே போய்விடும். 1978இல் ஏரியின் ஒரு பகுதியை அரசு தேசியக் காப்பகமாக அறிவித்த பின், நாணல் யாருடையது என்பதே அங்கு பூசலாயிற்று.

இதே கேள்வி திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையிலும் உண்டு. தாமிரபரணிக் கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்துக் காயவைத்து, ஓடும் நீரில் சில நாள் ஊறப்போட்டு, மீண்டும் உலர்த்திச் சன்னமாகக் கீறுகின்றனர். பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாகும்; கோரை ஊடையாகும். நெய்வோரில் மிகுதியானோர் லெப்பை முஸ்லிம் பெண்கள். நேர்த்தியான பாய் ஒன்றை முடிக்கப் பல வாரங்கள் பிடிக்கும். அது துணிபோல மடங்கும். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் சென்றதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதை நெய்த கைகளுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்பவர்தாம் குறைவு.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லதே. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், கோரையைக் காக்காது. மணலை அள்ளிய ஆற்றில் கரை சரிகிறது, நீர்மட்டம் இறங்குகிறது. கோரை நிற்க ஈரமில்லை. கரூர் போன்ற காவிரிக்கரைப் பகுதிகளிலிருந்து கோரையை விலைக்கு வாங்க நேரும்போது, இடையில் வணிகர் வந்து அமர்கிறார். சந்தையிலோ பிளாஸ்டிக் பாய் மலிவு. இரு பக்க நெருக்கடியும் தறியில் இருக்கும் பெண்ணின் கூலியில்தான் வந்து விழுகிறது.

2010இல் தாமிரபரணி மணற்கொள்ளைக்கு எதிராக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தோழர் இரா. நல்லகண்ணு தாமே வாதாடி, ஐந்தாண்டுத் தடை பெற்றார். அது ஆற்றுக்கான வழக்கு; பாய் நெய்வோருக்கும் அதுவே வழக்கு. சாந்திபுரம் வழியே செல்லும் பாலாற்றின் வறண்ட மணலைப் பார்த்திருக்கும் தோழர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோரையைக் கூட்டுறவுச் சங்கமே நேரடியாகக் கொள்முதல் செய்து, நெசவாளருக்கு நியாய விலையில் வழங்க வேண்டும். ஆற்றுக்கரை, குளக்கரைப் புறம்போக்கில் கோரை வளர்க்கும் உரிமையை நெய்யும் பெண்களின் குழுக்களுக்கே அளிக்க வேண்டும். மணல் குவாரிக்கு எதிரான இயக்கத்தில் விவசாயிகள் சங்கத்தோடு அவர்களும் அமர வேண்டும். அந்த அழைப்பை அவர்கள் வீட்டு வாசலுக்கு எடுத்துச் செல்வது கிளைகளின் வேலை.