நினைவகம் யாருடையது?

சி மொழியில் எழுதிய நிரலகத்தைப் பைத்தானிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ அழைப்பது இன்று வியப்புக்குரிய செயலன்று. பைத்தானின் 2.5ஆம் பதிப்போடு 2006இலேயே இதற்கான சிடைப்ஸ் கூறு வந்துவிட்டது. ஜாவாவும் இதற்கான தன் புதிய இடைமுகத்தை 2024இல், 22ஆம் பதிப்பில் நிலைப்படுத்திவிட்டது. அழைக்கும் வழியைப் பற்றி ஆய்வுரை எழுத இனி அதிகமில்லை. அழைத்த பிறகு கைக்கு வரும் நினைவகம் யாருடையது என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. இரு மொழிகளை இணைக்கும் பிணைப்பு நிரலின் தரத்தை அதைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட தரவுத்தள நிரலகமான எஸ்க்யூலைட்டையே பாருங்கள். பிழைச் செய்தியை அது இரு வழிகளில் தருகிறது. கடைசிப் பிழை என்னவென்று கேட்கும் சார்பு தரும் எழுத்துச்சரம் நிரலகத்துக்கே சொந்தம். நாம் அதை விடுவிக்கக் கூடாது, அடுத்த அழைப்பில் அது மாறியும் போகலாம். வினவலை நேரே இயக்கும் 'எக்ஸெக்' சார்பு தரும் செய்தியோ நம் பொறுப்பு. எஸ்க்யூலைட்டின் சொந்த விடுவிப்புச் சார்பைக் கொண்டே அதை விடுவிக்க வேண்டும். மொழியெல்லையைக் கடக்கையில் இரண்டும் வெறும் முகவரிகள். முதலாவதை விடுவித்தால் நிரல் சரியலாம். இரண்டாவதை விடுவிக்காவிட்டால் நினைவகம் கசியும்.

தலைப்புக் கோப்பைப் படித்துப் பிணைப்பைத் தானே எழுதும் கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். முதல் சார்பில் 'கான்ஸ்ட்' என்ற குறிப்பும் உண்டு. அது மாற்றாதே என்கிறது, அவ்வளவுதான். யார் விடுவிப்பது என்ற விதி ஆவணத்தின் உரைநடையில் கிடக்கிறது. கருவிகளால் பயனில்லை என்பதல்ல. சிடைப்ஸில் திரும்பும் வகையைக் குறிக்காமல் விட்டால் அது முழு எண்ணாகக் கொள்ளப்பட்டு, 64 பிட் கணினியில் முகவரியின் மேற்பாதி வெட்டுப்படும். சிறு சோதனைகளில் இது தெரியாமலும் போகலாம் என்பதுதான் எரிச்சல். இந்தப் பிழையைக் கருவி தடுக்கும். ஆனால் பைத்தான் சார்பு ஒன்றைப் பின்னழைப்பாக சி பக்கம் கொடுத்துவிட்டு, பைத்தான் பக்கம் யாரும் அதைப் பற்றி வைத்திராவிட்டால், குப்பை சேகரிப்பு அதை அகற்றிவிடும். சி பக்கமோ பழைய முகவரியையே அழைக்கும். அந்தச் சார்பு எதுவரை உயிரோடிருக்க வேண்டும் என்பது எந்தத் தலைப்புக் கோப்பிலும் இல்லை.

சொந்த மொழியிலேயே மறுபடி எழுதிவிடலாமே என்ற மறுப்புக்கு வலு உண்டு. சிறு நிரலகங்களுக்கு அதுவே சரி. 1992இல் வெளிவந்த நேரியல் இயற்கணித நிரலகமான லாபேக்கை அப்படிச் சொல்ல முடியாது. நேரியல் சமன்பாடுகளுக்குப் பைத்தானின் நம்பை நிரலகம் இன்றும் அதையே நாடுகிறது. நீண்ட கால ஆய்வில் உரசிப் பார்க்கப்பட்ட அதன் பிழைவரம்புகள் மறுஎழுத்தில் தாமாக வந்து சேர்வதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: லாபேக்கின் சார்புகள் இடைக்கணக்குக்கு வேண்டிய இடத்தையும் அழைப்பவரிடமே கேட்டுப் பெறுகின்றன. ஃபோர்ட்ரான் 77இல் ஓடும்போது நினைவகம் ஒதுக்க வழியில்லாததால் பிறந்த கட்டுப்பாடு இது. ஆனால் வேறு மொழியிலிருந்து அழைப்பவருக்கு உரிமைச் சிக்கலே எழாமல் போனது. புதிதாக நிரலகம் எழுதுவோர் இந்தப் பழைய வடிவத்தை வேண்டுமென்றே தேர்ந்துகொள்ளலாம்.

இங்கே பிணைப்புகளை முன்வைக்கும் கட்டுரையாளர்கள், எல்லை கடக்கும் ஒவ்வொரு முகவரியையும் யார், எந்தச் சார்பால் விடுவிப்பது, அது எதுவரை செல்லுபடியாகும் என்பதைச் சொல்லிவிட்டு வேகக் கணக்குக்குப் போகுமாறு கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.