நாக்கு நுனியில் நின்ற சொல்

(பணியிடைப் பயிற்சி நிறைவு நாளில், ஓய்வுபெறவிருக்கும் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



வரும் மே மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு. அனுபவத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எனக்கு ஒரு பயத்தைப் பற்றிப் பேசத்தான் தோன்றுகிறது.

நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டேன், தீர்ந்தது. இப்போது வந்திருப்பதற்குக் கண்ணாடி கிடையாது. பெயர்கள் நழுவுகின்றன. சென்ற மாதம் நான்காம் வகுப்பில் பறவைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நீல நிறத்தில், மீனைக் கொத்திக்கொண்டு பறக்குமே..." அவ்வளவுதான், பெயர் வரவில்லை. மீனைக் கொத்தும் என்று நானே சொல்லியாயிற்று, மீன்கொத்தி வரவில்லை பாருங்கள்! முப்பது பிள்ளைகள் என் வாயையே பார்க்கிறார்கள். உள்ளங்கை வியர்த்துவிட்டது. முன்வரிசைப் பெண் எடுத்துக்கொடுத்தாள்.

அந்த அரை நிமிடத்தில் எனக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். ஆறாம் வகுப்பில் வாசிக்க எழுப்பினேன். 'ப' என்ற எழுத்திலேயே நின்றுவிட்டான். வகுப்பு சிரித்தது. "உட்கார், உனக்கு வாசிப்பெல்லாம் சரிப்படாது" என்றேன். பிரம்பைத் தொடாதவள் நான். அதனாலேயே நல்ல ஆசிரியை என்று என்னை எண்ணிக்கொண்டிருந்தேன். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

போன ஆண்டு ஆடி மாதம் வீட்டு மோட்டாரைப் பழுதுபார்க்க வந்தவர் அவர்தான். நான் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் அந்த வாக்கியத்தை என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். அதுக்கப்புறம் பஸ்ல ஊர் பேரைச் சொல்லி டிக்கெட் கேக்கவே பயம். எங்க ஊர் பேரும் 'ப'தானே. வாய்க்கு வர்ற முந்தின ஸ்டாப் பேரைச் சொல்லி இறங்கி நடந்துடுவேன்."

எத்தனை நாள் நடந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

புறப்படும்போது, "என் பொண்ணுக்கும் திக்குது. மூணாவது படிக்கிறா. அவ டீச்சர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். முப்பது ஆண்டுப் பணியில் அதுவரை படிக்கவில்லை. திக்குவாய் குடும்பவழி வருவதுண்டு. அறிவுத்திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. திக்குகிற பிள்ளைகள் பாடும்போதும் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. "மெதுவாச் சொல்லு, மூச்சு விட்டுச் சொல்லு" என்று நல்லெண்ணத்தில் சொல்வது பதற்றத்தைத்தான் கூட்டும். சொல்லை எடுத்துக்கொடுப்பதும் அப்படித்தான். மீன்கொத்தியை எடுத்துக்கொடுத்த பெண்ணுக்கு நான் நன்றி சொன்னேனே என்று கேட்பீர்கள். எனக்குச் சொல்லே நினைவில் இல்லை. அந்தப் பையனிடம் சொல் இருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது நேரம்தான். அக்டோபர் 22 திக்குவாய் விழிப்புணர்வுக்கான பன்னாட்டு நாளாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எத்தனையோ நாள்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அந்தப் பள்ளிக்குப் போனேன். ஆசிரியை என்னைவிட முப்பது வயது இளையவர். வேறொரு பள்ளித் தலைமையாசிரியை வந்து உபதேசம் செய்தால் யாருக்குப் பிடிக்கும்? "நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லட்டுமா அம்மா?" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தக் குழந்தை இப்போது நான்காம் வகுப்பு. பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கிறாள். தனியாக வாசிக்க இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஊர்ப் பெயரைச் சொல்லி, அப்பாவுக்கும் சேர்த்து அவளே டிக்கெட் கேட்கிறாளாம். நடத்துநர் காத்திருக்கிறாராம். போன வாரம் அவள் அப்பா போனில் சொன்னார்.