உச்சம் எந்த வயதில்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் பேசணும்ப்பா, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி" என்றார். என்ன பேசுவது என்று குழம்பினேன். போன மாதம் இறுதியாண்டுத் தம்பி ஒருவன் கேட்ட கேள்விதான் கைகொடுத்தது. "அண்ணா, இருபத்தஞ்சுக்குள்ள செட்டில் ஆகலைன்னா அவ்வளவுதானா?" இதற்கு நான் டென்னிஸை வைத்துப் பதில் சொல்லப் போகிறேன். நான் படித்த காலத்தில் நாம் ஆடியது பூப்பந்து. டென்னிஸ் ஹாஸ்டல் டி.வி.யில் பார்த்ததோடு சரி. ஆனால் வயதை இவ்வளவு வெளிப்படையாகக் கணக்குப் பார்க்கிற ஆட்டம் குறைவு.

முதலில் தம்பியின் பயத்துக்குச் சாதகமான சாட்சிகளைச் சொல்லிவிடுகிறேன். 1985-ல் போரிஸ் பெக்கர் விம்பிள்டன் வென்றபோது வயது 17. 1997-ல் மார்ட்டினா ஹிங்கிஸ் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றபோது 16. ஐந்து முறை விம்பிள்டன் வென்ற பியான் போர்க், 1983-ல் ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டபோது 26 தான். நம்மூர்க் கணக்கும் இப்படித்தான். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். அப்போது அவருக்கு 23, 24 வயது. அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1985-ல் உலகத் தரவரிசையில் 23-ஆம் இடம் பிடித்தார், வயதும் 23.

காரணம் சாதாரணமானது. ஒற்றையர் ஆட்டத்தில் கால் ஓட வேண்டும், கண் பந்தைச் சட்டென்று பிடிக்க வேண்டும். இன்றைக்கு ஐந்து செட் ஆடிய உடம்பு நாளை மறுநாள் மீண்டும் தயாராக வேண்டும். இவையெல்லாம் இருபதுகளில் தாராளமாகக் கிடைக்கும். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அதே ராமநாதன் கிருஷ்ணன் 1966-ல், தம் 29-ஆம் வயதில், கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்கை எதிர்த்து ஆடினார். யார் ஜெயிக்கிறாரோ அந்த நாடு டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போகும். ஒன்றுக்கு இரண்டு என்று செட் கணக்கில் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்று கிடந்தவர், அங்கிருந்து எழுந்து ஜெயித்தார். இந்தியா முதன்முதலாக இறுதிப் போட்டிக்குப் போனது அப்படித்தான். ரமேஷும் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அன்றைய உலக முதல்வர் மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தியபோது அவருக்கு 27 வயது. தரவரிசையின் உச்சம் ஒரு வயதில். மறக்க முடியாத ஆட்டம் வேறொரு வயதில்.

பிறகு காலமும் மாறியது. பரிசுப் பணம் பெருகியது. பெரிய ஆட்டக்காரர்கள் உடற்பயிற்சியாளரையும் இயன்முறை மருத்துவரையும் கூடவே அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். 2018-ல் ரோஜர் ஃபெடரர் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றது 36 வயதில். 2023-ல் நோவாக் ஜோகோவிச் தம் 24-ஆவது கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை வென்றதும் 36 வயதில். இதற்கு நடுவே 2022-ல் கார்லோஸ் அல்கராஸ் 19 வயதில் அமெரிக்க ஓப்பனை வென்று உலக முதலிடத்துக்கு வந்தார். ஆக, உச்சத்துக்கு இதுதான் வயது என்று யாரும் கோடு கிழிக்க முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சிகள் இரண்டு பேர். சானியா மிர்சா ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை வந்தது 2007-ல், 20 வயதில். பிறகு மணிக்கட்டுக் காயம் படுத்தி எடுத்தது. ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையரில் முழுக் கவனம் வைத்தார். 2015-ல், 28 வயதில், இரட்டையரில் உலக முதலிடம்.

அடுத்தவர் ரோகன் போபண்ணா. நம் ஒகேனக்கல்லுக்கு வரும் காவிரி பிறக்கிறதே, அந்தக் குடகில் வளர்ந்தவர். ஒற்றையரில் அவர் முதல் 200 இடங்களுக்குள்கூட வந்ததில்லை. முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்துபோனது. விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் விடவில்லை. யோகாசனப் பயிற்சியால் கால்களைப் பலப்படுத்தினார். பாதி மைதானத்தை மட்டும் காக்கிற இரட்டையரில், தம்மிடம் மிச்சமிருந்த பலமான சர்வீஸையும் அனுபவத்தையும் நம்பினார். 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றார். ஆண்கள் இரட்டையரில் அதுதான் அவருடைய முதல் கிராண்ட் ஸ்லாம். அதோடு உலக முதலிடம். வயது 43! 2025 நவம்பரில் ஓய்வை அறிவித்தபோது 45.

அந்த 2024 ஜனவரியை நான் மறக்க மாட்டேன். எனக்கு அப்போது 34 வயது. நான் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். வேறோர் இடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எதிரே இருந்தவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்த வயசுல புதுசா கத்துக்குவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஓசூரிலிருந்து தருமபுரி வரும் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். அந்த வாரக் கடைசியில்தான் போபண்ணா ஜெயித்த ஆட்டத்தைப் பார்த்தேன்.

உடனே என் வாழ்க்கை மாறிவிட்டது என்று சொன்னால் அது சினிமா. நடந்தது இவ்வளவுதான்: பன்னிரண்டு வருஷம் இயந்திரப் பராமரிப்பில் இருந்த எனக்கு, எந்த மோட்டார் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்திலேயே தெரியும். தெரியாதது, அதை இயக்குகிற கணினி நிரல். அதை மட்டும் ஆறு மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வகுப்பில் என்னைவிடப் பத்து வயது சின்னப் பையன்கள் வேகமாகக் கற்றார்கள். நான் மெதுவாகத்தான் கற்றேன். ஆனால் இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது அந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிற வேலையில் இருக்கிறேன். சம்பளம் பழைய இடத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். தூக்கம் நன்றாக வருகிறது.

எல்லாரும் போபண்ணா ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அபூர்வம். 43 வயதில் அவரை ஒற்றையர் ஆடச் சொல்லியிருந்தால் முதல் சுற்றே கஷ்டம்தான். "என் உச்சம் எந்த வயதில்?" என்று கேட்பதைவிட, "எந்த வேலையில், எதை நம்பி?" என்று கேட்பது பயன் தரும். இருபதில் காலை நம்பலாம். நாற்பதில் கண்டு பழகிய அறிவை நம்ப வேண்டும். அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மாமரம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒட்டுச் செடி நாலைந்து வருஷத்தில் காய்க்கும். கொட்டை முளைத்து வந்த மரத்துக்கு எட்டு, பத்து வருஷம் ஆகும். பக்கத்துத் தோட்டத்து ஒட்டுச் செடி காய்த்துவிட்டதே என்று கொட்டை மரத்தை எந்த விவசாயியும் வெட்டுவதில்லை. நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். வழிகாட்ட ஆளில்லாமல் தொடங்கியவர்கள். நமக்குக் கொஞ்சம் தாமதம் ஆகத்தான் செய்யும்.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் என் பதில். இருபத்தைந்து வரைக்கும் ஓடு. அந்த வேகம் திரும்ப வராது. அதனால் வீணாக்காதே. ஆனால் இருபத்தைந்தில் மேளம் கொட்டவில்லை என்று மைதானத்தை விட்டு வெளியே போகாதே.

என் வயது நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று ஆளெடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே நாற்பதை நெருங்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் பிறந்த தேதியைப் பார்ப்பதற்கு முன்னால், அவருக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். என்னிடம் அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை.