அம்மாயிக்கு ஏன் வேர்க்கவில்லை?

இன்னைக்கு வேர்வையைப் பத்திப் பேசப்போறோம்.

போன வருஷம் மே மாசம், ராசிபுரம் பக்கத்துல இருக்கிற எங்க ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் ரெண்டு மணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே என் சட்டை தொப்பலா நனைஞ்சிருச்சு. பக்கத்துல கட்டில்ல 78 வயசு அம்மாயி. நெத்தியில ஒரு சொட்டு வேர்வை இல்லை. "எனக்கென்ன சாமி, வெயில்லயே கெடந்த உடம்பு"ன்னாங்க. நானும் நம்பிட்டேன்.

சாயங்காலம் எழுப்பினா, என்னையே யாருன்னு கேட்டாங்க. தொட்டா உடம்பு அனலா கொதிக்குது. 108க்கு போன் பண்ணிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தண்ணியை ஊத்தி விசிறிக்கிட்டே இருந்தோம். பிழைச்சுக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "வேர்க்கலைன்னா நல்லதுன்னு நினைச்சீங்களா?"

ஆமா, அப்படித்தான் நினைச்சேன்.

நம்ம உடம்போட உள்சூடு சுமார் 37 டிகிரி. சேலத்துல வெயில் 40ஐத் தாண்டும்போது, வெளிக்காத்து நம்ம தோலைவிட சூடா இருக்கு. அப்போ உடம்பு சூட்டைக் காத்துக்குத் தள்ள முடியாது. மிச்சம் இருக்கிற ஒரே வழி வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானா, சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கிட்டுப் போகும்.

வயசாகும்போது வேர்வைச் சுரப்பிகளோட எண்ணிக்கை பெருசா குறையறதில்லை. ஒவ்வொரு சுரப்பியும் சுரக்கிற அளவுதான் குறையுது. அதுவும் உள்சூடு கூடுதலா ஏறின பிறகுதான் சுரக்கவே ஆரம்பிக்குது. தோலுக்கு வர்ற ரத்த ஓட்டமும் குறைவு. தாக உணர்வும் மங்கிப் போகும். பி.பி.க்காகச் சாப்பிடுற நீர் மாத்திரை உடம்புல இருக்கிற தண்ணியை இன்னும் வெளியேத்தும். இது எதுவுமே வெளியே தெரியாது. பார்க்கிறவங்களுக்கு, 'பெரியவங்க வெயிலைத் தாங்குறாங்க'ன்னுதான் தோணும்.

2003 ஆகஸ்டுல பிரான்ஸ்ல அடிச்ச வெப்ப அலையில சுமார் 15,000 பேர் இறந்தாங்க. பெரும்பாலானவங்க முதியவங்க. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்லதான் வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுது.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாவே தெரியும். கோழிக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அதனால கோடை வந்தா பண்ணைக் கூரை மேல தென்னங்கீத்து, ஸ்பிரிங்க்ளர் எல்லாம் வந்துரும். அன்னைக்கு எங்க மாமா பண்ணையில ஸ்பிரிங்க்ளர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அம்மாயி படுத்திருந்த கூரை மேல ஒரு கீத்துகூட இல்லை.

இப்போ கீத்து போட்டாச்சு. நான் சென்னையில இருந்து தினமும் ரெண்டு மணிக்கு போன் பண்றேன். "தாகமா இருக்கா?"ன்னு கேக்கறதில்லை, "எத்தனை டம்ளர் குடிச்சீங்க?"ன்னுதான் கேக்கறேன். இதய, சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் தண்ணி அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். வெயில் 40ஐத் தாண்டினா ஃபேன் மட்டும் போதாது; அது சூடான காத்தைத்தான் மேல அடிக்கும். கை, கழுத்தை ஈரத்துணியால அடிக்கடி துடைச்சுவிடுங்க. சுரக்காத வேர்வைக்குப் பதிலா அந்த ஈரம் வேலை செய்யும். பேச்சு குழறினா, ஆள் அடையாளம் தெரியலைன்னா, உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் உடம்பைக் குளிர வைங்க. நினைவு தெளிவா இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

இந்த எபிசோட் முடிஞ்சதும் ஊருக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.